ஒன்பது பேருக்கு இரண்டு லாட்ஜ்

வெண்மதி அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது டீ ஃபிளாஸ்க் வைத்திருக்கும் மேஜையருகில். ஆனி மாதத்துக் கடலூர் வெயிலில், புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீதான ரிப்போர்ட்டையெல்லாம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதற பொண்ணு?"

"ஆமாங்க்கா. சுவேதா."

"தெரியும். வாயத் தொறக்கவே மாட்டியாமே. நல்லதாப் போச்சு. நான் ஜாஸ்தி பேசுவேன். நீ சிதம்பரத்துல லாட்ஜ்ல தங்கியிருக்கியா?"

"இல்லக்கா. அங்க எங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க."

"சரி, தங்குனதா நெனச்சுக்க. கீழவீதிப் பக்கம் எதிரெதிரே ரெண்டு லாட்ஜ். ரெண்டுக்கும் ஒரே மொதலாளி. ஒன்பது பேரு வந்து தங்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனி ரூம், தனிப் பூட்டு. ஒருத்தன் குறட்டை அடுத்தவனுக்குக் கேக்கக்கூடாது. ஒருத்தன் குளிச்சுக்கிட்டே இருந்தான்னா அடுத்தவன் குழாயில தண்ணி நிக்கக்கூடாது. ஒரு லாட்ஜ்ல கரண்ட் போச்சுன்னா அத்தனை பேரையும் எதிர் லாட்ஜுக்குத் தூக்கிட்டுப் போவணும். முடிஞ்சா தூங்கறவன் முழிக்காமத் தூக்கணும். இதுக்கெல்லாம் ஒரு மேனேஜர் வேணும். மூணு பேரு வந்திருக்காங்க. யாரை வெக்கலாம்?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன். "லாட்ஜ் வாங்கப் போறீங்களாக்கா?"

அவர் சிரித்த சிரிப்பில் டம்ளரில் இருந்த டீ பாதி ஸ்வெட்டரில் கொட்டியது. அதைத் துடைக்காமலேயே, நடைபாதையின் கோடியில் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும் அறையைக் காட்டினார்.

"அதுக்குள்ள இருக்கறதைச் சொல்றேன்டி. அந்த மூணு பேரைப் பத்தியும் வைத்திலிங்கம் சாருக்கு எழுதிக் குடுக்கணும். இங்கிலீஷ்ல குடுத்தா படிக்காமலே தலையாட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடுவாரு. தமிழ்ல குடுத்தா ஒரு ஒற்று விட்டுப்போனாக்கூட கண்டுபிடிப்பாரு. நான் சொல்றேன், நீ எழுது."

"எப்பக்கா வேணும்?"

"அது கெடக்குது. மொத நீ ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு வா."

அப்படித்தான் நான் அந்த அறைக்குள் போனேன்.

எங்களுடையது ஒரு ஸ்கேன் சென்டர். லேப், எக்ஸ்ரே, மருந்துக்கடை, எமர்ஜென்சி கவுண்டர் எல்லாம் சேர்ந்தது. கடலூரில் பெரியது, சிதம்பரத்தில் ஒரு கிளை. முதலாளி வைத்திலிங்கம் சாருடைய குடும்பம் தலைமுறையாக மணிலா, அதாவது நிலக்கடலை, பயிர் செய்தது. அவர் காலத்தில் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பிரிவு தொடங்கும்போதும் அதற்கென்று புதிதாக ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வாங்குவது அவருடைய வழக்கம். பிள்ளை பிறந்தால் தொட்டில் வாங்குவதைப் போல. இப்படியே ஒன்பது சேர்ந்துவிட்டன. பதிவு, பில்லிங், லேப், ஸ்கேன் படங்கள், மருந்துக்கடை, எமர்ஜென்சி, சம்பளம், கேமரா என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

"ஒன்பது பேரும் ஏசில படுத்துக்கிட்டு இருக்கானுங்க. எவனாவது வந்து எழுப்பினா கொஞ்ச நேரம் வேலை செய்வான். திரும்பப் படுத்துக்குவான்" என்பார் வெண்மதி அக்கா. அவர்களைக் குளிர்விக்கிற ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல்காற்று தின்றுகொண்டிருந்தது. உள்ளே சொகுசாகப் படுத்திருப்பவர்களுக்காக வெளியே ஒருவன் துருப்பிடித்துச் சாகிறான் என்று அதற்காகவும் வருத்தப்படுவார். உடனே சிரிப்பார்.

ஒன்பது பழைய பெட்டிகளையும் எடுத்துவிட்டு, இரண்டே இரண்டு பலமான புதுப் பெட்டிகளில் அத்தனை பேரையும் குடிவைப்பது என்பதுதான் அவருடைய திட்டம். பெட்டிகள் இரண்டு. அவற்றுக்குள் ஒன்பது அறைகள். ஒவ்வொரு அறையிலும் பழைய சர்வர் ஒன்று, தான் ஏதோ தனிப் பெட்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். சாமான்களெல்லாம் இரண்டு லாட்ஜுக்கும் பொதுவான ஒரு கிடங்கில் இருக்கும். இந்த அறைகளைப் பிரித்துக் கொடுத்து மேய்க்கிற மென்பொருளைத்தான் அவர் மேனேஜர் என்றார்.

வெண்மதி அக்காவுக்குப் பிறந்த ஊர் மங்கலம்பேட்டை. பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஹால் டிக்கெட் எடுக்க வந்தவர்களில் ஒருவர் சின்னையன். தேர்வு முடிந்து வெகுநாள் ஆன பிறகும் ஹால் டிக்கெட் எடுக்க வந்துகொண்டிருந்ததால் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் செம்மண்டலத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எங்கள் சென்டரில் ஒரு நாள் பிரிண்டர் நின்றுபோக, அதைச் சரிசெய்ய வந்த வெண்மதி அக்கா அப்படியே தங்கிவிட்டார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பு.

அவருக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரியும். டீக்கடைக்காரருக்கு ஹார்ட் டிஸ்க் எப்படிச் சாகும் என்று தெரியும். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், "உங்க லாட்ஜ் கட்டி முடிச்சாச்சாம்மா?" என்று விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

மூன்று மேனேஜர்களையும் அதே இரண்டு பெட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக வைத்துப் பார்த்தோம். அவர் பார்த்தார், நான் சோதனைசாமியைப் பதிவு செய்தேன். சோதனைசாமி என்பவர் நாங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் உண்டாக்கிய நோயாளி. நான் அவரைப் பதிவு செய்து, ரத்தம் எடுத்து, பில் போட்டு, எக்ஸ்ரேவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பேன். அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெட்டியின் ஒயரைப் பிடுங்குவார். சோதனைசாமியின் பில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். அந்தப் பருவத்தில் சோதனைசாமி எடுத்துக்கொண்ட எக்ஸ்ரேக்களுக்கு அவர் இருட்டில் மின்னியிருக்க வேண்டும்.

நான் எழுதியதன் சாரம் இதுதான். முதல் மேனேஜர் விஎம்வேர். பெரிய ஓட்டல்களில் பழகியவர், கோட் போட்டவர். தூங்குகிறவரைப் போர்வை கலையாமல் எதிர் லாட்ஜுக்கு மாற்றுவதில் அவருக்கு ஈடில்லை. ஆனால் லாட்ஜில் எத்தனை தூண், அதாவது பெட்டிக்குள் எத்தனை ப்ராசஸர் கோர், என்று எண்ணி, அதற்கேற்பக் கட்டணம் போட்டு ஒப்பந்தத்தைக் காலாகாலத்தில் புதுப்பிக்கச் சொல்வார். இரண்டாமவர் ஹைப்பர்-வி. நம் வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் விண்டோஸ் குடும்பத்துப் பிள்ளை. அதனால் பழகுவது சுலபம். லினக்ஸ் விருந்தாளிகளையும் மரியாதையாகவே நடத்துகிறார். ஆனால் இரண்டு லாட்ஜையும் சேர்த்து நிர்வகிக்கச் சொன்னால் கூடவே விண்டோஸ் சொந்தக்காரர்கள் சிலரையும் அழைத்துவந்து அறை கேட்கிறார். மூன்றாமவர் ப்ராக்ஸ்மாக்ஸ். சம்பளம் கேட்பதில்லை. வேண்டுமென்றால் உதவிக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். என்ன செய்கிறார் என்று எட்டிப்பார்க்க எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. விருந்தாளிகளை நகல் எடுத்து வைக்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறார். ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கஷாயம் வைக்கத் தெரிந்த ஆள் கடலூரில் வெண்மதி ஒருவர்தான்.

"கடைசி வரிய எடுத்துடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அது நெசம்தான" என்றார்.

வைத்திலிங்கம் சார் எங்கள் இருவரையும் எதிரில் நிற்கவைத்துக்கொண்டு அதைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் தோள் குலுங்கியது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஏம்மா வெண்மதி, மொத மேனேஜர்தான் கெட்டிக்காரன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் ஏன் மூணாமத்தவனைக் கேக்கற?"

"கெட்டிக்காரருதான் சார். ஆனா நம்மளது லாட்ஜ் சார். பால்கனி இல்ல, நீச்சல்குளம் இல்ல. மூணாமத்தவரு போதும். சோதனைசாமிக்கு ஒரு பில்லுகூட தொலையல."

"ஒனக்குக் காய்ச்சல் வந்தா?"

"நானு மாத்திரை போட்டுக்குவேன் சார்."

"அவனுக்கு யாரு போடுவா? மச்சான் அதத்தான் கேக்கறான்."

மச்சான் என்றால் பாலகுமார். வைத்திலிங்கம் சாருடைய மனைவியின் தம்பி. சென்னையில் பல கம்பெனிகளின் சர்வர்களைத் தங்கள் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் நடத்துகிறார். எல்லாவற்றையும் தன்னிடமே கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். வெண்மதியை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், சென்னைக்கு வரட்டும், நல்ல இடம் தருகிறேன் என்றும் நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் சின்னையனின் ஒர்க்‌ஷாப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போக முடியாது. பெட்டிகள் சென்னைக்குப் போனால் வெண்மதி அக்காவின் வேலையும் போகும். அது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

சார் நாற்காலியில் சாய்ந்தார். "ஆயுதபூஜைக்கு மச்சான் வர்றான். அதுக்குள்ள ஒன்பது பேரையும் குடிவெச்சிடு. பூஜை முடிஞ்சதும் அவன் கண்ணு முன்னாடி ஒரு லாட்ஜை நிறுத்திக் காட்டு. கவுண்டர்லருந்து ஒருத்தர்கூட 'வெண்மதி எங்க'ன்னு தேடிக்கிட்டு வரக்கூடாது. வரலைன்னா மிஷினெல்லாம் இங்கயே இருக்கட்டும். வந்தாங்கன்னா மச்சான் வண்டியிலயே ஏத்தி விட்டுடறேன்."

"என்னையுமா சார்?"

"போம்மா வேலையப் பாரு."

வெளியே வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். பயத்திலும் அவருக்கு அதே சிரிப்புதான் வரும் என்பதை நான் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

குடிவைக்கும் வேலை தொடங்கியது. அதில் ஒரு சிக்கல். இரண்டு லாட்ஜுக்கு நடுவில் இருக்கும் தொடர்பு அறுந்தால், இரண்டு பேருமே எதிராளி செத்துவிட்டான் என்று நினைத்து, நான்தான் பெரியவன் என்று கிளம்பிவிடுவார்கள். ஒரே விருந்தாளியை இரண்டு இடத்திலும் எழுப்பிவிடுவார்கள். அதனால் மூன்றாவதாக ஓட்டுப் போட ஒரு ஆள் வேண்டும். யார் பக்கம் இரண்டு ஓட்டோ அவர் நடத்தலாம். இந்த ஓட்டைப் போட பெரிய பெட்டி தேவையில்லை. அலமாரியில் தூங்கிய பழைய குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை அக்கா எடுத்தார். அது கடலூரில் இருந்தால் இவர்களோடு சேர்ந்து விழும், சிதம்பரத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்.

அதை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, நாங்கள் இருவரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"பையில இன்னாம்மா? கோழியா?"

"ஓட்டுப் போடற ஆளு."

"எந்தத் தொகுதி?"

"எங்க ஸ்கேன் சென்டர் தொகுதி. ரெண்டு பேரு நிக்கறாங்க, இவரு யாருக்குப் போடறாரோ அவுங்கதான்."

கண்டக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார். "வயசு வந்துடுச்சா?"

"எட்டு வருஷம் ஆவுது. இவுங்க ஜாதியில அது தொண்ணூறு."

"அப்ப சீனியர் சிட்டிசன். டிக்கெட் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் நகர, முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி எந்தக் கட்சி என்று விசாரித்தார். சிதம்பரம் வரும்வரை அக்கா அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அந்த அம்மாள், "எதுக்கும் ரெண்டு பேர்கிட்டயும் நல்லபடியா இருந்துக்கச் சொல்லு" என்று பைக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

சிதம்பரம் கிளையைப் பார்த்துக்கொள்பவர் சார்லஸ். குட்டிப் பெட்டியைத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைக்கப் போனவரை அக்கா தடுத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினார்.

"பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெக்கணுமாக்கா?" என்றார் சார்லஸ்.

"வை, பூ போடு, தேங்கா ஒடை, என்ன வேணா பண்ணு. நிறுத்த மட்டும் கூடாது. இவரு தூங்கிட்டாருன்னா கடலூர்ல ஆட்சி கவுந்துடும்."

சார்லஸ் அப்போதே ஒரு அட்டையில் 'தூங்கக்கூடாது' என்று எழுதி அதன்மேல் சாய்த்துவைத்தார். பூஜை நாளில் கிளைக்கு நான்தான் காவல் என்றும் சொன்னார். சொன்னபடியே இருந்தார்.

எங்கள் சென்டரின் ஆயுதபூஜை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பூஜை போட்ட மிஷினை அன்று ஓட்டக்கூடாது என்பது இங்கே கண்டிப்பான வழக்கம். மிஷினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். எமர்ஜென்சிக்கு வேண்டிய சர்வர் மட்டும் ஓடும். மீதி எட்டும் பொட்டு வைத்துக்கொண்டு மறுநாள் வரை உறங்கும். இதை நடத்துபவர் எலக்ட்ரீஷியன் ராஜாமணி. அலங்காரம், பூசணிக்காய், சுவிட்சை அணைப்பது எல்லாம் அவர் கை. அவர் அணைத்த பிறகுதான் சுண்டல்.

இந்த வருஷம் அது முடியாது என்று அக்கா வீடுவீடாகச் சொல்வதைப்போல் பிரிவுபிரிவாகப் போய்ச் சொன்னார். இரண்டு பெட்டியிலும் எல்லாரும் கலந்து குடியிருக்கிறார்கள், எமர்ஜென்சியும் அதில்தான் இருக்கிறது, பொட்டு வைக்கலாம், நிறுத்த வேண்டாம். மருந்துக்கடை வினோதினிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

"எங்க மிஷின் எங்கக்கா? நாங்க எதுக்குப் பொட்டு வெக்கறது?"

அக்கா திரையில் வரிசையாக இருந்த ஒன்பது பெயர்களில் 'மருந்துக்கடை' என்பதைக் காட்டினார். வினோதினி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு குங்குமத்தைத் தொட்டு, திரையில் அந்த வரிக்கு நேராக வைத்தார். அதைப் பார்த்து லேப் வந்தது, சம்பளம் வந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒன்பது பொட்டு. அக்கா எந்த வரியையாவது படிக்க வேண்டுமானால் பொட்டுக்கு நடுவில் தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

பூஜையன்று காலையிலேயே பாலகுமார் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் அழகாக இருந்தார். அக்காவைப் பார்த்து, "என்னங்க, உங்க லாட்ஜுல ரூம் காலியா?" என்று கேட்டார். "ஃபுல்லு சார். வேணும்னா வராண்டாவுல படுத்துக்கங்க" என்றார் அக்கா.

கூடத்தில் அம்மன் படத்துக்கு முன்னால் எல்லாரும் அவரவர் ஆயுதத்தை வைத்தார்கள். ராஜாமணியின் டெஸ்டர், ஸ்கேன் அறையின் ரிமோட், லேப்பின் ஊசிப் பெட்டி, என் பேனா. வெண்மதி அக்கா தன் செல்போனை வைத்தார். அதுதான் என் ஆயுதம் என்றார். அதன் நடுவில் சந்தனம் வைத்து, மேலே ஒரு கை பூவும் போட்டார்.

சர்வர் அறையில் இரண்டு பெட்டிக்கும் புதுத் துண்டு கட்டி, ஆளுயரத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார் ராஜாமணி. பெட்டியின் முகம் முழுக்கப் பூதான். தீபாராதனை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைந்து, பொரியும் சுண்டலும் வந்தன. அக்கா இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டு பாலகுமாரிடம் ஓட்டுப் போடும் பெட்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் ரசித்துத்தான் கேட்டார்.

பிறகு வைத்திலிங்கம் சார் எழுந்தார். "வாம்மா, காட்டு."

நால்வரும் சர்வர் அறைக்குப் போனோம். அக்கா உற்சாகமாகப் பேசிக்கொண்டே நடந்தார். "பாருங்க சார், இது மொத லாட்ஜ், அது ரெண்டாவது லாட்ஜ். இப்ப நான் ரெண்டாவதை நிறுத்தப் போறேன். உள்ள இருக்கறவங்க எல்லாரும் மொத லாட்ஜுக்கு ஓடுவாங்க. நீங்க கவுண்டரைப் பாருங்க, ஒரு ஈகூட..."

கை இரண்டாவது பெட்டியின் ஒயர்களைத் தொட்டுவிட்டது. அங்கேயே நின்றது.

அவர் பேச்சு பாதியில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த அறையில் காது அடைக்கும் இரைச்சல் எப்போதும் இருக்கும். இப்போது நாங்கள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒயரிலிருந்து கையை எடுத்து, முதல் பெட்டியின் மாலையை விலக்கினார். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை.

"ராஜாமணி அண்ணே" என்றார். கூப்பிட்டதாகவே இல்லை, மூச்சு விட்டதைப் போல இருந்தது.

ராஜாமணி பொரி மென்றுகொண்டே வந்தார். "என்னம்மா?"

"இத நிறுத்தினீங்களா?"

"ஆமாம்மா. பூஜை போட்டதுமே நிறுத்திட்டேன். ரெண்டு ஒயரு போவுது, ரெண்டையும்தான் அணைச்சேன்."

"நிறுத்தாதீங்கன்னு சொன்னனேண்ணே."

"சொன்னீங்க. பூஜை போட்டுட்டு ஒண்ணாவது தூங்க வேணாமா? ஒரு லாட்ஜ் நின்னா இன்னொரு லாட்ஜ் பாத்துக்கும்னு நீங்கதானம்மா டீக்கடையில, பஸ்ஸ்டாண்டுல எல்லாம் சொன்னீங்க. அத நம்பித்தான் நிறுத்துனேன்."

பாலகுமார் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அக்கா திரைக்கு ஓடி, பொட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். ஒன்பது பெயரும் இருந்தன. ஒன்பதும் இரண்டாவது லாட்ஜில் ஓடிக்கொண்டிருந்தன. சிதம்பரத்துக் கிழவர் ஒழுங்காக ஓட்டுப் போட்டிருக்கிறார். அக்கா அந்த ஒயரைப் பிடுங்கியிருந்தால் ஒன்பது பேரும் ஒன்றாகத் தெருவுக்கு வந்திருப்பார்கள்.

வைத்திலிங்கம் சார் நேராக எமர்ஜென்சி கவுண்டருக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே செல்லாயி உட்கார்ந்து ஒரு கைக்கட்டுக்காரரைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"செல்லாயி, இங்க எதாவது நின்னுச்சா?"

"இல்லையே சார். நடுவுல ஒருதரம் ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சரி சுத்தட்டும்னு சுண்டல் வாங்கப் போனேன். வந்து பாத்தேன், நல்லாயிடுச்சு."

"வெண்மதியத் தேடலையா?"

"எதுக்கு சார்? அவுங்களும் சுண்டல் வாங்கிட்டுதான இருந்தாங்க."

சாருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. கைக்கட்டுக்காரர்கூட சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பாலகுமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"மாமா, கவுண்டருக்குத் தெரியல, ஒத்துக்கறேன். ஆனா இந்தம்மாவுக்கும் தெரியலையே. ஒரு மிஷின் நின்னு இவ்ளோ நேரம் ஆவுது. தெரியாம ரெண்டாவதையும் நிறுத்தப் போனாங்க."

"ஆமா சார், எனக்குத் தெரியல" என்றார் அக்கா. "மெசேஜ் வந்திருக்கும். போன்..."

எல்லாரும் கூடத்தைத் திரும்பிப் பார்த்தோம். அம்மன் படத்தின் முன்னால், பூக்குவியலுக்கு அடியில் ஏதோ ஒன்று விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்த சாமந்திகள் அதோடு சேர்ந்து துள்ளின. ராஜாமணி போய் எடுத்துவந்தார். சந்தனத்துக்கு அடியில், முதல் லாட்ஜ் விழுந்துவிட்டது என்ற செய்தி வரிசையாக வந்து குவிந்திருந்தது.

"அம்மனுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்குது" என்றார் ராஜாமணி.

வைத்திலிங்கம் சாருக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், உங்க இடத்துல ஆயுதபூஜை உண்டா?"

"உண்டு மாமா. ஆனா அங்க ராஜாமணி உள்ள போவ முடியாது. பூட்டு இருக்கும்."

"பூட்டு வாங்கிக்கலாம்." சார் அக்காவைப் பார்த்தார். "நான் கேட்டது நடந்துபோச்சு. யாரும் ஒன்னத் தேடி வரல. அதனால மிஷின் இங்கயே இருக்கும், அந்த மூணாவது மேனேஜரும் இருக்கட்டும். ஆனா மச்சான் கேட்டது ஞாயம். ஒரு லாட்ஜ் நின்னா ஊருக்குத் தெரியக்கூடாது, ஒனக்குத் தெரியணும். தை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இன்னொரு தடவை நின்னு, அப்பவும் நீ சுண்டல் தின்னுக்கிட்டு நின்னீன்னா, நான் மச்சானுக்குப் போன் போடுவேன்."

"சரிங்க சார்."

"போ, அந்த மிஷினை எழுப்பி விடு."

"இன்னைக்குத் தூங்கட்டும் சார்" என்றார் அக்கா. "பூஜை போட்டாச்சில்ல."

பாலகுமார்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அதன்பிறகு அக்காவை நிறுத்த முடியவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி ராஜாமணியின் தோளில் போட்டார். வினோதினியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். சார்லஸுக்குப் போன் செய்து, கிழவருக்கு ஒரு மாலை வாங்கிப் போடச் சொன்னார். போன் பேசியதில் அவர் கன்னத்தில் சந்தனம் ஒட்டிக்கொண்டது. அதோடேயே மாலைவரை திரிந்தார்.

வீட்டுக்குப் போகும்போது செம்மண்டலம் நிறுத்தத்தில் இருவரும் இறங்கினோம். ஒர்க்‌ஷாப் வாசலில் வாழைக்கன்று கட்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. சின்னையன் தூரத்திலிருந்தே கையை ஆட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு பாதியாக மடக்கினார். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"சுவேதா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்கக்கா."

"தைக்குள்ள ஒருநாள், ராஜாமணி அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு லாட்ஜை நிறுத்திடு. என்னைக்குன்னு எங்கிட்ட சொல்லாத. எந்த லாட்ஜுன்னும் சொல்லாத. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் சரி, சிதம்பரத்துக்குப் பஸ்ல போயிக்கிட்டு இருந்தாலும் சரி, சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தாலும் சரி. நிறுத்திட்டு, நான் எப்ப ஓடி வர்றேன்னு மட்டும் அங்க நின்னு பாரு."